தங்கப் பனைக்குப் பின்னால்: ‘தீபன்’ படத்தின் திரைமறைவுச் சேதிகள்

வாங்க, வாங்க! திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்திருக்கிறேன், சத்தம் போடாமல் எட்டிப் பாருங்கள். அதோ, தலையில் தொப்பியோடு நிற்கிறாரே, அவர்தான் இயக்குநர் ழாக் ஓதியார். பிரெஞ்சு சினிமாவில் பெரிய புள்ளி. அவருக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் ஈழத் தமிழில் படபடவென்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரோ கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷாட் சரியாக வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. இந்த மனிதரின் அப்பா மிஷேல் ஓதியார். பிரான்ஸில் அந்தப் பெயரைச் சொன்னால் தாத்தாமார்கள் நாலு வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நம்மூரில் கலைஞர் வசனம் என்றால் என்னவோ, அங்கே அவருடைய வசனம் அது. அப்பேர்ப்பட்ட வசனகர்த்தாவின் மகன் அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தனக்கே தெரியாத ஒரு மொழியில் படம் எடுக்கக் கிளம்புகிறார். அதுவும் எந்த மொழியில்? நம்ம மொழியில்! எனக்கு இன்னும் உற்சாகம் அடங்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

‘தீபன்’ 2015இல் வந்த படம். கதை தெரியாதவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஈழப்போர் முடிந்த நேரம். தோற்றுப்போன போராளி ஒருவன், முன்பின் தெரியாத ஓர் இளம்பெண், யாரோ பெற்ற ஓர் அநாதைச் சிறுமி. மூவருக்கும் ஏஜென்சிக்காரர் கையில் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டு கிடைக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் அப்பா, அம்மா, மகள். பிரான்ஸுக்குப் போய் அடைக்கலம் கேட்கிறார்கள், கிடைக்கிறது. பாரிஸின் புறநகரில் போதைப்பொருள் கும்பல் ஆட்சி செய்யும் ஒரு குடியிருப்பில் அவனுக்குப் பராமரிப்பாளர் வேலை. ஒரு போரிலிருந்து தப்பி வந்தவர்கள் இன்னொன்றின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் கதை எங்கே முளைத்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஓதியாருடைய எழுத்துக் கூட்டாளிகள் தோமா பிதெகேனும் நோயே தெப்ரேயும். முதலில் மேசைக்கு வந்தது சாம் பெக்கின்பாவின் 1971ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ட்ரா டாக்ஸ்’. சாதுவான ஒரு கணவன் வீட்டைக் காக்க வெறிகொண்டு எழும் கதை. அதையே ஒரு வெளிநாட்டுக்காரனை வைத்துச் செய்தால்? அதற்குப் பக்கத்திலேயே மாந்தெஸ்கியூ வந்து உட்கார்ந்தார். அவர் 1721இல் எழுதிய ‘பாரசீகக் கடிதங்கள்’ நூலில் பாரசீகத்திலிருந்து வந்த இருவர் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து வியந்து வியந்து கடிதம் எழுதுவார்கள். அடிதடி ஒரு பக்கம், தத்துவக் கிண்டல் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓதியாரை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வி: பாரிஸ் காபிக்கடை மேசைகளுக்கு ரோஜாப்பூ விற்க வருகிறாரே ஒருவர், நாம் தலையை ஆட்டியதும் போய்விடுகிறாரே, அவர் யார், எங்கே தூங்குகிறார்?

அந்தப் பூக்காரருக்கு எந்த நாட்டு முகம் கொடுப்பது? அல்ஜீரியாவையும் மாலியையும் எடுத்தால் பிரான்ஸின் காலனிக் கணக்கு கூடவே வந்துவிடும். இலங்கையோடு பிரான்ஸுக்கு அப்படியான பழைய பாக்கி இல்லை. ஆனால் இலங்கைத் தமிழர் பாரிஸின் கண்ணெதிரிலேயே வாழ்கிறார்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பல் பக்கம் நடந்தால் கறிவேப்பிலை வாசம் மூக்கைத் துளைக்கும். நகைக்கடை, புடவைக்கடை, கொத்துரொட்டிக்கடை என்று குட்டி யாழ்ப்பாணமே அங்கே இருக்கிறது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடியும் நேரத்தில் தெருவில் இறங்கினால் தேங்காய் உடைக்கும் சத்தம் பிரெஞ்சுப் போலீஸ்காரர்களின் காதைப் பிளக்கும். இவ்வளவு பேர் பக்கத்திலேயே இருந்தும் பிரெஞ்சு சினிமாவில் அவர்கள் அதுவரை அவ்வளவாகக் கண்ணில் பட்டதில்லை.

சரி, கதாநாயகன் யார்? இங்கேதான் எனக்குக் கை தட்டத் தோன்றுகிறது. தீபனாக வந்தவர் அந்தோணிதாசன் யேசுதாசன். அப்படிச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஷோபாசக்தி என்றால் தெரியும். ‘கொரில்லா’, ‘ம்’ நாவல்களை எழுதிய அதே ஷோபாசக்தி! யாழ்ப்பாணத்துக்கு அருகே தீவகத்தில் உள்ள அல்லைப்பிட்டிக்காரர். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய், சில ஆண்டுகளில் முரண்பட்டு விலகி, தாய்லாந்து வழியாக 1993இல் பிரான்ஸ் வந்து அடைக்கலம் கேட்டவர். வந்த பிறகு சூப்பர்மார்க்கெட்டில் பொருள் அடுக்கியிருக்கிறார், உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறார். படத்தில் பாதிக்குப் பாதி தன் கதைதான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதாவது, பாத்திரத்துக்கு நடிகரைத் தேடிப் போன இடத்தில் அந்தப் பாத்திரமே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, கையில் பேனாவோடு!

கேமரா அவருக்கு முற்றிலும் புதிதல்ல. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் கூட இருந்தவர். தனுஷ்கோடியின் மீனவர்களையும் அகதிகளையும் பற்றிய அந்தப் படத்துக்குத் தணிக்கைக் குழு முதலில் சான்றிதழ் மறுத்தது, மேல்முறையீட்டில் வென்ற பிறகுதான் வெளியே வந்தது. விதியைப் பாருங்கள், ‘தீபன்’ படத்துக்காகவும் அவர் அந்தக் கடலோரத்துக்கே திரும்பினார். இலங்கையில் நடப்பதாக வரும் தொடக்கக் காட்சிகளை ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் பக்கம்தான் எடுத்தார்கள். படகில் வந்து இறங்கும் இலங்கை அகதிகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து தங்க வைத்த முகாம் இருக்கும் அதே மண்டபம். செட் போடும் கலை இயக்குநருக்கு அதைவிட உண்மையான மண் வேறெங்கே கிடைக்கும்?

அந்த இளம்பெண் யாழினியாக வந்த காளீஸ்வரி ஸ்ரீநிவாசன் சென்னையின் நாடக மேடையிலிருந்து போனவர். சினிமாவில் இதுதான் முதல் படம், முதல் படமே கான் திரைப்பட விழாவில். நம்மூர்ப் பெண் ஈழத்துப் பேச்சைப் பேச வேண்டும். எதிரே நிற்பவரோ அந்தப் பேச்சிலேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர். ஒரு எழுத்துப் பிசகினாலும் காதில் விழுந்துவிடும்! சிறுமி இளையாளாக நடித்த குளோதீன் விநாசித்தம்பிக்கும் இதுவே முதல் படம். மூவரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள், ஆனால் குடும்பமாகத் தெரிய வேண்டும். கதையின் நிபந்தனையும் நடிப்பின் நிபந்தனையும் இப்படி ஒன்றாகவே அமைந்துபோனது எந்த இயக்குநருக்கும் வாய்க்கும் அதிர்ஷ்டம் அல்ல.

பாரிஸ் பக்கம் போவோம். படத்தில் ‘லெ ப்ரே’ என்று வரும் குடியிருப்பு நிஜத்தில் புவாஸி நகரின் லா கூத்ரே. பக்கத்திலிருந்த கார்த் தொழிற்சாலையின் தொழிலாளிகள் ஒரு காலத்தில் குடியிருந்த அடுக்குமாடிகள். இடித்துப் புதுப்பிக்கும் திட்டத்தில் பலர் வெளியேறியிருந்ததால் காலி வீடுகள் நிறைய இருந்தன. சினிமாக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இதே புவாஸியில்தான் லெ கொர்பூசியேயின் புகழ்பெற்ற வில்லா சவ்வா மாளிகையும் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து அதைப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். ஓதியாரின் கேமரா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உடைந்த லிஃப்ட், பெயர் கிழிந்த தபால் பெட்டிகள், முற்றத்தில் வெறும் நாற்காலி போட்டுக் காவலிருக்கும் பையன்கள், அது போதும் அவருக்கு.

கேமராவைப் பிடித்தவர் யார் தெரியுமா? எபோனின் மொமான்சோ என்ற இளம்பெண். முழுநீளப் படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தது இதுவே முதல் முறை! இசை நிக்கோலஸ் ஜார், மின்னணு இசையில் பெயர் பெற்றவர். நடிகை, சிறுமி, ஒளிப்பதிவாளர் என்று திரும்பிய பக்கமெல்லாம் புதுமுகம். அவ்வளவு பெயர் சம்பாதித்த ஒரு இயக்குநர் இப்படித் தன் கால்களுக்குக் கீழே இருந்த கம்பளத்தை எல்லாம் தானே உருவிப்போட்டுவிட்டு நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த ஷாட்டைச் சொல்லட்டுமா? கடல் கடந்தாயிற்று. திரை இருட்டு. விவால்டியின் பழைய ஆராதனை இசை மெதுவாக எழுகிறது. இருட்டில் சின்னதாகச் சில விளக்குகள் மினுக்மினுக்கென்று தெரிகின்றன. என்ன அது, தூரத்துக் கப்பலா, விமான ஓடுதளமா? கிட்ட வர வரத்தான் தெரிகிறது: தீபன் தலையில் மாட்டியிருக்கும், குழந்தைகளுக்கு விற்கும் பிளாஸ்டிக் காது! பாரிஸ் தெருவில் அந்தச் சாமான்களை விற்றுக்கொண்டிருக்கிறார் முன்னாள் போராளி. அதன் மீது படத்தின் பெயர். ரோஜா விற்பவர் யார் என்ற கேள்விக்கு ஒரு வசனமும் இல்லாமல் வந்த பதில் அது.

இப்போது அடைக்கலம் கேட்கும் காட்சிக்கு வாங்க. பிரான்ஸில் அகதி அந்தஸ்து கோருபவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பது ஓஃப்ரா என்ற அலுவலகம், 1952இல் உருவானது. அங்கே ஓர் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். மறுத்துவிட்டால் மோந்த்ரேயில் இருக்கும் அகதி வழக்கு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். புலம்பெயர்ந்த நம்மவர்களிடம் ‘கேஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒரு நாவல் சொல்வார்கள். அவரவர் உண்மைக் கதை ஒன்று, எடுபடும் என்று யாரோ எழுதிக்கொடுத்த கதை இன்னொன்று.

அந்த அறையில் மூன்று பேர். பிரெஞ்சு அதிகாரி, தீபன், நடுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தீபன் மனப்பாடம் செய்துவந்த கதையை ஒப்பிக்கிறான். மொழிபெயர்ப்பாளருக்கு அலுத்துவிடுகிறது. இந்தக் கதையை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார்! அதிகாரியின் எதிரிலேயே, மொழிபெயர்க்கும் பாவனையில், இவனைத் தமிழில் பிடித்து உலுக்குகிறார். அதிகாரி ஒன்றும் புரியாமல் மாறி மாறிப் பார்க்கிறார். கேமராவுக்குப் பின்னால் நின்ற இயக்குநரும் அந்த அதிகாரியின் நிலையில்தான் இருந்தார் என்பதை நினைத்து நினைத்து நான் சிரித்திருக்கிறேன். கானில் உட்கார்ந்து பார்த்த நடுவர்களும் அப்படித்தான், அவர்களுக்கு சப்டைட்டில் ஒரு பிடிமானம். அந்த அறையில் நடப்பது முழுதாக எட்டியது நமக்கு மட்டும்தான்.

ஆக, ‘தீபன்’ என்ற ஒரு டிக்கெட்டில் இரண்டு படம் ஓடுகிறது. ஒன்று ஓதியார் எடுத்தது: முகங்கள், நிழல், இலைகளுக்கு நடுவே கனவு போல வந்துபோகும் யானை, அதிர வைக்கும் துப்பாக்கி. மற்றது அவர் காதுக்கு எட்டாமல் நடிகர்கள் எடுத்தது: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது, கோபத்தில் ஊர்ப் பேச்சு எப்படிக் குதித்து வருகிறது. பிரெஞ்சில் எழுதிய காகிதம் தமிழாகி அவர்கள் வாய்க்குள் போய் வந்தபோது அது வேறொன்றாக ஆகியிருக்கிறது. உதாரணம் ஒன்று போதும். குடியிருப்புப் பையன்கள் பேசும் சொற்கள் விளங்குகின்றன, ஆனால் அவர்களுடைய பகிடிக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று தீபன் குழம்புகிறான். உனக்குத் தமிழிலேயே பகிடி விளங்காதே என்கிற மாதிரி யாழினி ஒரு போடு போடுகிறாள். பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய மனைவியின் தொனி அது! இந்த இருவரும் கணவன் மனைவி இல்லை என்பதையே அந்த நொடியில் நாம் மறந்துவிடுகிறோம்.

சின்னவள் இளையாள் சும்மா விடுவாளா? பள்ளிக்குப் போய்ப் பிரெஞ்சைக் கற்றுக்கொள்வது முதலில் அவள்தான். பெரியவர்களுக்கு அவள்தான் வாய். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் போல நீயும் எனக்கு முத்தம் கொடு என்று அவள் கேட்குமிடத்தில், கல்லாக இருந்த யாழினி முகம் கொஞ்சம் அசையும். காளீஸ்வரிக்கு அந்த ஒரு அசைவுக்காகவே விருது கொடுத்திருக்கலாம். அவரும் வின்சென்ட் ரொத்தியேயும் வரும் காட்சிகள் இன்னொரு விருந்து. ரொத்தியே காலில் மின்னணுப் பட்டையோடு வீட்டுக்காவலில் இருக்கும் கும்பல் தலைவன் பிராஹிம். அவன் வீட்டில் முதியவருக்குச் சமைக்கப் போகிறாள் யாழினி. அவன் பிரெஞ்சில் மனசைத் திறக்கிறான், அவள் தமிழில் பதில் சொல்கிறாள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காததால்தான் இருவரும் உண்மை பேசுகிறார்கள்.

சிரிப்பு ஓயும் இடமும் இருக்கிறது. பழைய தளபதி ஒருவர் பிரான்ஸில் தீபனைத் தேடிப் பிடித்து, ஆயுதம் வாங்க வேண்டும் என்கிறார். போர் முடிந்துவிட்டது என்கிறான் தீபன். அடி விழுகிறது. பின்னொரு நாள் அவன் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுக்கிறான்: இந்தப் பக்கம் சுடக்கூடாது. பிரெஞ்சு ரசிகருக்கு அது ஒரு பைத்தியக்காரனின் கோடு. 2009இல் ஈழப்போரின் முடிவில் ‘பாதுகாப்பு வலயங்கள்’ என்ன ஆயின என்று தெரிந்த நமக்கு வயிற்றைப் பிசையும். ஷோபாசக்தி அந்தக் கோட்டை இழுக்கும்போது முகத்தில் எதையும் காட்டுவதில்லை, கை மட்டும் விறைத்திருக்கும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, ஒரு குட்டும் வைக்க வேண்டும். கடைசியில் பெக்கின்பா ஜெயித்துவிடுகிறார். புகை மண்டிய படிக்கட்டில் தீபன் வெட்டரிவாளோடு ஏறுகிறான். கேமரா முகத்தைக் காட்டாமல் தாழ்வாகவே நகர்கிறது, கால்களும் புகையும் விழும் உடல்களும்தான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அபாரம், எழுந்து நின்று விசில் அடிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் தமிழ்ப் பேச்சு அடியோடு நின்றுபோகிறது. நடிகர்கள் எடுத்துக்கொண்டிருந்த படம் அறுந்து, ஓதியாருடையது மட்டும் தனியாக ஓடுகிறது. அதுவரை எண்ணி எண்ணி அளந்து நடந்த மனிதன் திடீரென்று ஆக்‌ஷன் ஹீரோ. அதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் வெயிலும் புல்வெளியுமாக ஒரு முடிவு. கனவா, நிஜமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். என் கணக்கில் அந்த இறுதிப் பகுதி எழுத்தாளரைக் கேட்காமல் எடுத்த பகுதி மாதிரிதான் இருக்கிறது.

ஆனாலும் 2015 மே 24 இரவை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது. கான் விழா. கோயன் சகோதரர்கள் நடுவர் குழுத் தலைவர்கள். போட்டியில் ‘சன் ஆஃப் சால்’, ‘கேரல்’, ‘தி லாப்ஸ்டர்’ என்று ஜாம்பவான்கள். மேலே ஏறியது ‘தீபன்’! பெரும்பகுதி தமிழில் பேசும் ஒரு படத்துக்குத் தங்கப் பனை. யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பனையைக் கொடுத்து கௌரவிக்க வேண்டும் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! மேடையேறிய ஓதியார் இயக்குநர் மைக்கேல் ஹானெக்கேவுக்கு நன்றி சொன்னார், இந்த வருடம் படம் எடுக்காமல் இருந்ததற்காக. சும்மா இல்லை, 2009இலும் 2012இலும் ஓதியார் போட்டியிட்டபோது பனையைத் தூக்கிக்கொண்டு போனவர் ஹானெக்கேதான். சில மாதங்கள் கழித்து பிரான்ஸின் சேசர் விருதுகளில் ‘தீபன்’ 9 பரிந்துரைகளோடு போய் வெறுங்கையோடு திரும்பியது. ஷோபாசக்தியின் பெயரும் சிறந்த நடிகர் பட்டியலில் இருந்தது. விருது எதுவும் இல்லாவிட்டால் என்ன, தமிழில் சிறுகதை எழுதுகிற ஒருவர் பிரெஞ்சு நட்சத்திரங்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாரே!

ஓதியார் அதற்குப் பிறகும் திருந்தவில்லை. 2024இல் ஸ்பானிய மொழியில் ‘எமிலியா பெரெஸ்’ எடுத்தார். அதுவும் அவருக்குத் தெரியாத மொழி. கானில் பரிசு கிடைத்தது, மெக்சிகோவிலோ இது எங்கள் பேச்சே இல்லை என்று வறுத்தெடுத்தார்கள். ‘தீபன்’ படத்துக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம் உள்ளே ஒரு ஷோபாசக்தி இருந்ததுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். லா ஷப்பல் தெருக்களும் சும்மா இருக்கவில்லை. லாரன்ஸ் வலின் என்ற பிரெஞ்சுத் தமிழர் ‘லிட்டில் ஜாஃப்னா’ படத்தை எடுத்து 2024இல் வெனிஸ் வரை கொண்டுபோனார், நம்ம ராதிகா சரத்குமாரும் அதில் இருக்கிறார். வலினுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

‘தீபன்’ இன்னும் பார்க்காதவர்கள் இந்த வாரம் பார்த்துவிடுங்கள். பார்த்தவர்கள் மறுபடி பாருங்கள், ஆனால் ஒரு வேலை செய்யுங்கள்: சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். தமிழ் வரும்போது காதைக் கொடுங்கள். பிரெஞ்சு வந்தால் புரியாமல் சும்மா உட்கார்ந்திருங்கள், யாழினியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.